ஊசியால் எழுதிய யுத்தம்



இடைக்காலத்துக் கலை என்றதும் பலருக்கும் நினைவில் வருவது பெரிய கட்டடங்கள்தான். உயர்ந்த கோபுரங்கள் கொண்ட தேவாலயங்கள், நிறக் கண்ணாடி பதித்த யன்னல்கள், கல்லில் செதுக்கிய புனிதர்கள். ஐரோப்பாவில் ஏறத்தாழ 500ஆம் ஆண்டு முதல் 1500ஆம் ஆண்டு வரையான காலத்தை இடைக்காலம் என்கிறார்கள். அந்தக் காலத்துக் கலைகளில் எனக்குப் பல வருடங்களாகத் தீராத ஆசை. படங்களைச் சேர்ப்பேன், அவற்றைப் பற்றித் தேடி வாசிப்பேன், கேட்பவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். இந்த மாதம் உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டது கட்டடம் அல்ல, ஒரு நீளமான துணி. ஊசியும் நூலும் பிடித்த கைகளுக்கு அது உடனே விளங்கும்.

பிரான்ஸ் நாட்டின் வடக்கே நோர்மன்டி என்ற பகுதியில் பாயூ என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. அந்த நகரத்தின் பெயரால் இந்தத் துணியைப் பாயூ திரைச்சீலை என்று உலகமே அழைக்கிறது. நீளம் ஏறத்தாழ 70 மீற்றர். அகலம் 50 சென்ரிமீற்றர் அளவுதான். ஒரு சேலையின் அகலத்தில் பாதிக்கும் குறைவு, ஆனால் பன்னிரண்டு சேலைகளைத் தலைப்போடு தலைப்பாக விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். வெளிறிய லினன் துணியில் கம்பளி நூலால் தைக்கப்பட்ட பூத்தையல் வேலை அது. அறுநூறுக்கும் மேற்பட்ட மனித உருவங்கள், இருநூறு அளவில் குதிரைகள், கப்பல்கள், மரங்கள், கோட்டைகள், சமையல், விருந்து, சாவு என்று அதில் இல்லாதது இல்லை. ஏறத்தாழ 950 ஆண்டுகள் பழமையானது.

அது சொல்வது ஒரு யுத்தத்தின் கதை.

கதை இதுதான்

1066ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தின் மன்னன் எட்வேர்ட் பிள்ளை இல்லாமல் இறந்தான். மறுநாளே ஹரோல்ட் என்ற பிரபு முடிசூடிக்கொண்டான். கடலுக்கு அப்பால் நோர்மன்டியை ஆண்ட வில்லியம், அந்த முடி தனக்கு வாக்களிக்கப்பட்டது என்று சொல்லிப் படை திரட்டினான். மரம் வெட்டிக் கப்பல் கட்டி, குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு செப்டெம்பர் கடைசியில் இங்கிலாந்தின் தென்கரையில் இறங்கினான். ஒக்டோபர் 14ஆம் திகதி ஹேஸ்ரிங்ஸ் என்ற இடத்துக்கு அருகில் பகல் முழுவதும் சண்டை நடந்தது. ஹரோல்ட் கொல்லப்பட்டான். அந்த வருட நத்தார் தினத்தில் வில்லியம் இங்கிலாந்தின் மன்னனானான்.

இந்தக் கதை முழுவதும் துணியில் இடமிருந்து வலமாக ஓடுகிறது. படங்களுக்கு மேலே இலத்தீன் மொழியில் சிறு சிறு வாசகங்கள் தைக்கப்பட்டுள்ளன. மேலும் கீழும் ஓரப்பட்டி. அந்த ஓரப்பட்டியில் பறவைகளும் மிருகங்களும் பழைய நீதிக்கதைகளும் வருகின்றன. ஓரிடத்தில் ஒருவன் உழுகிறான், இன்னொருவன் விதைக்கிறான், மற்றொருவன் கவணால் காகம் கலைக்கிறான். நடுவில் பெரியவர்கள் நாட்டுக்காக வாக்குவாதப்படும்போது ஓரத்தில் சனங்கள் வயலில் நிற்கிறார்கள். சண்டை தொடங்கியதும் அந்த ஓரமும் மாறிவிடுகிறது. அங்கே இறந்தவர்கள் கிடக்கிறார்கள். அவர்களின் உடம்பிலிருந்து கவசத்தை உரிந்து எடுப்பவர்களையும் தைத்திருக்கிறார்கள்.

மூன்று பெண்கள்

ஓரப்பட்டியை விட்டுவிட்டு நடுப்பகுதியில் மட்டும் தேடினால் இந்தப் பெரிய துணியில் மூன்றே மூன்று பெண்கள்தான் இருக்கிறார்கள். ஒருத்தியின் பெயர் எல்ஃப்கீவா என்று மேலே தைத்திருக்கிறது. அவள் யார் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. இன்னொருத்தி, இறந்துகொண்டிருக்கும் மன்னன் எட்வேர்டின் கால்மாட்டில் முக்காட்டால் கண்ணைத் துடைத்தபடி இருக்கிறாள். அவள் மன்னனின் மனைவி என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் துணியில் அவளுக்குப் பெயர் இல்லை.

மூன்றாவது பெண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். சண்டைக்குச் சற்று முன் வரும் காட்சி. ஒரு வீடு. இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள் தீப்பந்தம் பிடித்து அதற்கு நெருப்பு வைக்கிறார்கள். வீட்டுக்குக் கீழே ஒரு பெண், ஒரு கையில் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறாள். மற்றக் கையை முன்னே நீட்டியிருக்கிறாள். மேலே உள்ள வாசகம், இங்கே ஒரு வீடு எரிக்கப்படுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. யாருடைய வீடு, யார் அந்தப் பெண், அவள் எங்கே போனாள் என்று எதுவும் இல்லை. அடுத்த காட்சியில் வில்லியத்துக்குக் குதிரை கொண்டுவருகிறார்கள். கதை சண்டைக்குப் போய்விடுகிறது.

வெற்றிபெற்றவர்களின் புகழைச் சொல்ல எழுந்த வேலை அது. மன்னர்களும் பிரபுக்களும் பார்க்க வேண்டிய துணி. அதில் வீடு எரிந்து பிள்ளையோடு வெளியேறும் ஒரு தாயைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் அவள் அங்கே நிற்கிறாள். படத்தை வரைந்தவர் தீர்மானித்தாரோ, தைத்தவர்கள் விரும்பினார்களோ, 950 வருடங்களாக அவளை யாரும் அகற்றவில்லை. அந்தக் காட்சியை விளங்கிக்கொள்ள உங்களுக்கு இலத்தீன் தெரியவேண்டியதில்லை.

தைத்த விதம்

இனிக் கைவேலைக்கு வருவோம். திரைச்சீலை என்று பெயர் வந்தாலும் படங்கள் தறியில் நெய்யப்பட்டவை அல்ல, எல்லாமே ஊசி வேலை. ஒன்பது லினன் துண்டுகளை இணைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு துண்டுகளும் ஒவ்வொன்றும் 14 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அவை இரண்டையும் பொருத்திய இடத்தில் மேல் ஓரக் கோடு சரியாகச் சேரவில்லை, கொஞ்சம் விலகி நிற்கிறது. அடுத்தடுத்த பொருத்துகள் அப்படி இல்லை, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலை செய்யச் செய்யக் கை படிந்திருக்கிறது.

உருவங்களின் வெளிக்கோட்டையும் எழுத்துக்களையும் காம்புத் தையலால் தைத்திருக்கிறார்கள். ஒரு தையலின் அருகிலிருந்து அடுத்த தையலை எடுத்து, கயிறு முறுக்கியது போலக் கொண்டுபோகும் தையல் அது. உள்ளே நிரப்புவதற்கு வேறு முறை. அதை இன்று பாயூ தையல் என்றே அழைக்கிறார்கள். செய்து பார்க்க விரும்புவோருக்காக அதை மூன்று படியாகச் சொல்கிறேன்.

முதலில், நிரப்ப வேண்டிய இடத்தில் நூலை நெருக்கமாக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாகப் பரப்புங்கள். ஊசி துணிக்குள் போன இடத்துக்குப் பக்கத்திலேயே மேலே வரவேண்டும். அப்போது நூல் முழுவதும் துணியின் மேற்பக்கத்திலேயே நிற்கும், பின்பக்கத்தில் வீணாகாது. இரண்டாவதாக, பரப்பிய நூலுக்குக் குறுக்காக, சில மில்லிமீற்றர் இடைவெளி விட்டு வேறு நூல்களை இடுங்கள். மூன்றாவதாக, அந்தக் குறுக்கு நூல்களை அங்கங்கே சிறு தையல்களால் துணியோடு கட்டிவிடுங்கள். இடம் விரைவாக நிரம்பும், நூலும் மிச்சம். 70 மீற்றர் துணியை நிரப்ப வேண்டியவர்களுக்கு இந்தச் சிக்கனம் தேவைப்பட்டிருக்கும்.

முகங்களையும் கைகளையும் அவர்கள் நிரப்பவே இல்லை. கோட்டை மட்டும் தைத்து, வெறுந்துணியையே தோலின் நிறமாக விட்டுவிட்டார்கள். நூல்களில் ஏறத்தாழ பத்து நிறங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் அடிப்படை மூன்று செடிகள்தான். ஒன்று சிவப்புத் தரும் மஞ்சிட்டி இனத்து வேர். இன்னொன்று நீலம் தரும் ஒரு செடி. எங்கள் அவுரியில் இருக்கும் அதே சாயம்தான் அதிலும் இருக்கிறது. மற்றது மஞ்சள் தரும் ஒரு பூண்டு. முன்னொரு காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டியெடுத்த சாயவேரும் அந்தச் சிவப்பு வேரின் குடும்பத்துச் செடியே. மூன்று சாயங்களைக் கூட்டிக் குறைத்துத்தான் நீலக் குதிரையும் பச்சைக் குதிரையும் வந்தன. குதிரையின் முன்பக்கக் கால் ஒரு நிறம் என்றால் மறுபக்கக் கால் வேறு நிறம். எது கிட்ட, எது தூர என்று கண்ணுக்குக் காட்ட அவர்கள் கண்ட வழி அது.

யார் தைத்தார்கள்?

வில்லியத்தின் மனைவி மெற்றில்டா தன் தோழியரோடு இருந்து தைத்தாள் என்று பிரான்சில் நெடுங்காலம் நம்பினார்கள். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. வில்லியத்தின் தாய்வழிச் சகோதரனும் பாயூ நகரத்து ஆயருமான ஓடோ என்பவர் செய்வித்திருக்கலாம் என்றும், தைத்த இடம் இங்கிலாந்து, அதிலும் கன்ரர்பரி நகரமாக இருக்கலாம் என்றும் கருதுகிறார்கள். இலத்தீன் வாசகங்களில் ஆங்கிலேயரின் எழுத்துமுறை தலைகாட்டுகிறது. சில படங்கள் அப்போது கன்ரர்பரியில் இருந்த ஏடுகளின் படங்களை ஒத்திருக்கின்றன. அதோடு, ஆங்கிலேயப் பெண்களின் ஊசிவேலை அன்று ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றிருந்தது. வில்லியத்தின் வரலாற்றை எழுதிய அவனது குருவானவரே அதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

அப்படியானால் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள். யுத்தத்தில் தோற்ற பக்கத்துப் பெண்கள், வென்ற பக்கத்தின் கதையைத் தைத்திருக்கிறார்கள். அவர்களில் கணவனை, தகப்பனை, சகோதரனை அந்தச் சண்டையில் இழந்தவர்களும் இருந்திருக்கலாம். துணியில் ஹரோல்ட்டைக் கெட்டவனாகக் காட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். புதைமணலில் அமிழ்ந்த வீரர்களை அவன் தன் கையால் இழுத்துக் காப்பாற்றும் காட்சி இருக்கிறது. அவன் பெயருக்குப் பக்கத்தில் மன்னன் என்ற சொல்லையும் தைத்திருக்கிறார்கள்.

தைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட அந்தத் துணியில் இல்லை. ஆனால் அதே காலத்து ஊசிக்காரப் பெண்கள் இருவரின் பெயர் வேறோரிடத்தில் கிடைக்கிறது. 1086இல் வில்லியம் நாடு முழுவதும் காணி பூமியைக் கணக்கெடுக்க வைத்தான். டூம்ஸ்டே ஏடு என்று அதற்குப் பெயர். அதில் வில்ற்ஷயர் பகுதியில் லியோவ்கித் என்ற பெண் வருகிறாள். எட்வேர்ட் மன்னன் காலத்தில் அவள் கணவன் வைத்திருந்த காணி, கணக்கெடுப்பின்போது அவள் கையில் இருக்கிறது. மன்னனுக்கும் அரசிக்கும் பொன்னூல் வேலை செய்தவள், இன்னும் செய்கிறவள் என்று ஏடு சொல்கிறது. ஆட்சி மாறி, ஆங்கிலேயர் பலரின் காணிகள் பறிபோன காலம் அது. பக்கிங்ஹாம்ஷயரில் எல்ஃப்கித் என்ற இன்னொரு பெண். அந்தப் பகுதியின் அரச அதிகாரி ஒருவர் தான் பதவியில் இருக்கும்வரை அனுபவிக்கும்படி அவளுக்குக் கொஞ்சக் காணி கொடுத்திருந்தார். தன் மகளுக்குப் பொன்னூல் பூத்தையல் பழக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கைத்தொழில் ஒரு பெண்ணுக்குக் காணியாகவும் சோறாகவும் மாறியதற்கு எழுத்தில் உள்ள சாட்சி இவை.

துணியில் மட்டும் இப்படி இல்லை, புத்தகங்களிலும் இதே கதைதான். இடைக்காலத்து ஏடுகளைப் பொன்னும் நீலமும் கொண்டு அலங்கரித்தவர்கள் ஆண் துறவிகளே என்று பலகாலம் எண்ணியிருந்தார்கள். ஜேர்மனியில் டால்ஹைம் என்ற இடத்துப் பழைய மடத்தின் இடுகாட்டில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அவளது பற்களில் படிந்திருந்த காரைக்குள் நீலத் துகள்களைக் கண்டார்கள். ஆய்வு 2019இல் வெளியானது. அவள் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டுக்கும் 1200ஆம் ஆண்டுக்கும் இடையில், 45 முதல் 60 வயதுக்குள் இறந்தவள். அந்த நீலம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த, பொன்னுக்கு நிகரான விலையுள்ள கல்லை அரைத்து எடுக்கும் சாயம். தூரிகையின் நுனியைக் கூராக்க அவள் அடிக்கடி வாயில் வைத்திருக்கவேண்டும் என்பதே ஆய்வாளர்கள் தரும் பொருத்தமான விளக்கம். அவள் வரைந்த ஏடு எது என்று சொல்ல ஒரு குறிப்பும் இல்லை. அவள் ஓர் ஓவியர் என்பதற்குப் பல்தான் சாட்சி சொல்லவேண்டி வந்தது.

துணியும் இடம்பெயர்ந்தது

இவ்வளவு நீளமான துணி இத்தனை காலம் தப்பியது சாதாரண காரியம் அல்ல. 1476இல் பாயூ தேவாலயத்துப் பொருட்களின் பட்டியலில்தான் அது முதன்முதலாக எழுத்தில் வருகிறது. 1792இல், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், படைக்குப் பொருள் ஏற்றிய வண்டிகளை மூட இந்தத் துணியை எடுத்துவிட்டார்கள். அந்த ஊர்ச் சட்டத்தரணி ஒருவர் தலையிட்டு மீட்டார். 1803இல் நெப்போலியன் அதைப் பாரிசுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தான். இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது ஒளித்து வைத்தார்கள். பின்னர் ஜேர்மன் நாசிகள் அதை ஆராய எடுத்தார்கள். ஒரு மாளிகைக்குப் போய், 1944இல் பாரிசின் லூவர் நூதனசாலைக்குப் போய், பேர்லினுக்குக் கடத்தப்பட இருந்த நேரத்தில் பாரிஸ் விடுதலையானதால் தப்பி, 1945இல் பாயூவுக்குத் திரும்பியது.

2020இல் அதை அங்குலம் அங்குலமாகப் பரிசோதித்தவர்கள் 24,000க்கும் மேற்பட்ட கறைகளையும் 9,000க்கும் மேற்பட்ட துளைகளையும் கணக்கெடுத்தார்கள். வெவ்வேறு காலத்துக் கைகள் நூற்றுக்கணக்கான இடங்களில் ஒட்டுப்போட்டு இழை பிடித்திருக்கின்றன. அந்தக் கைகளுக்கும் பெயர் இல்லை. 2007இல் யுனெஸ்கோ அதை உலகின் நினைவு என்ற பதிவேட்டில் சேர்த்தது. 2025 யூலையில், பாயூ நூதனசாலையைப் புதுப்பிக்கும் காலத்தில் துணியை இலண்டனுக்கு இரவல் கொடுப்பதாகப் பிரான்ஸ் அறிவித்தது. 2026 செப்டெம்பர் முதல் 2027 யூலை வரை பிரித்தானிய நூதனசாலையில் வைப்பது என்பது அந்த அறிவிப்பு.

பெயர் போட்ட பெண்கள்

கடைசியாக ஒரு சந்தோசமான சேதி. இங்கிலாந்தில் லீக் என்ற ஊர் பட்டு வேலைக்கும் சாயவேலைக்கும் பெயர் போனது. அங்கே எலிசபெத் வார்டில் என்ற பெண்மணி பூத்தையல் சங்கம் ஒன்றை நடத்தினார். பாயூ திரைச்சீலைக்கு இங்கிலாந்தில் முழு அளவில் ஒரு பிரதி வேண்டும் என்று தீர்மானித்து 1885இல் வேலையைத் தொடங்கினார். சாயத் தொழில் செய்த அவரது கணவர் தோமஸ் வார்டில் கம்பளி நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுத்தார். முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து எடுத்து, ஏறத்தாழ ஒரு வருடத்தில் முடித்துவிட்டார்கள். அந்தப் பிரதி இன்று ரெடிங் நகரத்து நூதனசாலையில் இருக்கிறது.

அதில் மூலத்தில் இல்லாத ஒன்று உண்டு. ஒவ்வொரு பெண்ணும் தான் தைத்த பகுதிக்குக் கீழே தன் பெயரைத் தைத்திருக்கிறாள். குதிரையின் காலடியில், கப்பலின் கீழே, இறந்த மன்னனின் கட்டிலுக்குக் கீழே என்று அவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். 1066இன் பெண்களுக்குக் கிடைக்காததை அவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். யாரும் கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை.

மூலத் துணியின் கடைசிப் பகுதி கிழிந்து காணாமல் போய்விட்டது. வில்லியம் முடிசூடிய காட்சி அதில் இருந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. ஓல்டர்னி என்ற சிறிய தீவின் மக்கள் அதைத் தங்கள் எண்ணப்படி தைத்து முடித்தார்கள். 2013இல் அது பாயூவிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒரு துணியின் கதையை ஒன்பது நூற்றாண்டுக்குப் பிறகும் யாரோ எடுத்துத் தொடரலாம் என்பதற்கு இதுவே போதும்.

சகோதரிகளே, உங்களில் எத்தனையோ பேர் தையல் வகுப்புக்குப் போயிருக்கிறீர்கள். மேசை விரிப்பும் தலையணை உறையும் தைத்து விற்கிறீர்கள். அவற்றில் உங்கள் பெயர் இருக்கிறதா? ஒரு மூலையில், சிறிய எழுத்தில், பெயரின் முதலெழுத்தையும் வருடத்தையும் காம்புத் தையலில் போட ஐந்து நிமிடம் போதும். விற்பனைக்குப் போகும் பொருள் என்றால் உள்மடிப்பில் போடுங்கள். பிள்ளைகளுக்காக வைக்கும் பொருள் என்றால் ஊரின் பெயரையும் சேர்த்துத் தையுங்கள்.

நேரம் உள்ளவர்கள் ஒரு சாண் துணி எடுத்து, பாயூ தையலில் தங்கள் வீட்டைத் தைத்துப் பாருங்கள். முன்பு இருந்த வீடாகவும் இருக்கலாம், இப்போது இருக்கும் வீடாகவும் இருக்கலாம். ஒரு சங்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு துண்டு செய்தால், பிறகு அவற்றைப் பொருத்திவிடலாம். முதல் பொருத்து கொஞ்சம் கோணினால் கவலை வேண்டாம். தீப்பிடித்த வீட்டிலிருந்து பிள்ளையோடு வெளியேறிய அந்தப் பெண்ணுக்கு மேலே பெயர் எழுத அன்று யாரும் இருக்கவில்லை. உங்கள் துண்டுக்குக் கீழே உங்கள் பெயரைப் போட ஊசி உங்கள் கையிலேயே இருக்கிறது.